வியாழக்கிழமையும் 75 ஓம் கேபிளும்

மொட்டை மாடியில் ஆண்டெனா வைத்திருப்பவனைப் பார்த்தால் எல்லாரும் இரண்டே கேள்விதான் கேட்பார்கள். "ரேடியோ என்ன விலை சார்?" என்பது ஒன்று. "எவ்வளவு தூரம் பேசலாம்?" என்பது இன்னொன்று. ரேடியோவுக்கும் ஆண்டெனாவுக்கும் நடுவில் சுவரோரமாக இறங்கி வரும் கறுப்புக் கேபிளைப் பற்றி இத்தனை வருஷத்தில் ஒருவர்கூட என்னிடம் கேட்டதில்லை. இந்தப் பதிவு அந்தக் கேபிளைப் பற்றித்தான். கொஞ்சம் கணக்கு வரும்; பயப்பட வேண்டாம். கூட்டல், கழித்தல், வகுத்தல் தெரிந்தால் போதும்.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்காக இரண்டு வரி. நான் செய்வது அமெச்சூர் ரேடியோ. ஹாம் ரேடியோ என்றும் சொல்வார்கள். மத்தியத் தொலைத்தொடர்புத் துறை நடத்தும் தேர்வில் தேறினால் உரிமமும், நமக்கென்று ஓர் அழைப்புக்குறியும் கிடைக்கும். வியாபாரம் பேசக் கூடாது, காசு வாங்கக் கூடாது. மற்றபடி நம்மைப் போல உரிமம் வைத்திருக்கும் யாருடனும் காற்றலையில் பேசலாம். ஒருவர் பொத்தானை அமுக்கிப் பேசுவார், மற்றவர் கேட்பார். அவர் முடித்து விட்ட பிறகுதான் இவர் பேச முடியும்.

என்னுடைய வியாழக்கிழமை ஆள் புதுச்சேரியில் இருக்கிறான். பள்ளித் தோழன். இருவரும் பிரெஞ்சு வழியில் படித்தவர்கள். அந்தக் காலத்தில் பிரான்சில் பள்ளிப் பிள்ளைகளுக்கு வாரத்தின் நடுவே வியாழக்கிழமைதான் விடுமுறை. 1972-இல்தான் அதைப் புதன்கிழமைக்கு மாற்றினார்கள். எங்கள் வகுப்புக்கும் வியாழன் விடுமுறை. கடற்கரையில் சுற்றிய அந்த வியாழக்கிழமைகளின் ஞாபகமாக, நான் ஓய்வு பெற்றதிலிருந்து வியாழன் காலை ஏழு மணிக்கு இருவரும் 145 மெகாஹெர்ட்ஸ் பக்கம் வந்து பிரெஞ்சில் பேசுவோம். மத்திய அரசு அலுவலகத்தில் கணக்குப் பிரிவு எழுத்தனாகக் காலம் தள்ளிய எனக்கு, தாம்பரத்தில் பிரெஞ்சு பேச வேறு ஆள் கிடையாது. அவன் வீட்டிலும் பேரப்பிள்ளைகள் வரை தமிழும் ஆங்கிலமும்தான். எங்கள் இருவரோடும் முடிந்துவிடக்கூடிய ஒரு வழக்கம் அது.

தாம்பரத்திலிருந்து புதுச்சேரி நேர்க்கோட்டில் ஏறக்குறைய 115 கிலோமீட்டர். இந்த அலைவரிசைக்கு அது சற்றே நீண்ட தூரம். இருந்தாலும் இரண்டு பக்கமும் நல்ல ஆண்டெனா, 25 வாட் சக்தி இருந்ததால் வருஷக்கணக்கில் தடையில்லாமல் ஓடியது. 2015 டிசம்பரில் ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டி, அடையாறு முடிச்சூர், வரதராஜபுரம் பக்கமெல்லாம் ஏறி வந்தபோது, மின்சாரமும் கைப்பேசியும் சேர்ந்து படுத்துவிட்டன. கார் பேட்டரியில் ரேடியோவைப் போட்டு நான் சொன்னதை, அவன்தான் பெங்களூரிலிருந்த என் மகளுக்குப் போன் செய்து சொன்னான். "அப்பா, அம்மா இருவரும் மாடியில் பத்திரம்." அந்த ஒரு வரிக்காகவே அவனுக்கு நான் கடன்பட்டவன்.

இரண்டு வருஷத்துக்கு முன் அவனுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் போயின. மாடி அறையிலிருந்த 25 வாட் கருவியிடம் இனி போக முடியாது. கீழே கட்டிலில் படுத்தபடி இடது கையால் இயக்கக்கூடியது 5 வாட் கைக்கருவி ஒன்றுதான். அவன் பேரன் பழைய ஆண்டெனாவின் கேபிளை ஜன்னல் வழியாக இறக்கி அதில் பொருத்திக் கொடுத்தான். வியாழக்கிழமை மறுபடி தொடங்கியது. ஆனால் எனக்குக் கேட்டது பாதி குரல், பாதி மணல் அரைக்கிற இரைச்சல்.

"தொலைபேசியில் பேசக் கூடாதா?" என்று என் மனைவி கேட்டாள். பேசுகிறோம். ஆனால் போனில் அவனுக்கு இரண்டு வார்த்தைக்கு நடுவே கொஞ்ச நேரம் ஆகும். எதிராளி அதற்குள் குறுக்கே புகுந்துவிடுவார், அவன் விட்டுவிடுவான். ரேடியோவில் அது முடியாது. அவன் பொத்தானை விடும்வரை நான் காத்துக்கொண்டிருக்கத்தான் வேண்டும். நிதானமாகப் பேசுகிறவனுக்கு இதைவிட மரியாதையான ஏற்பாடு கிடையாது.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. இரைச்சலில் கேட்காமல் "ரெபெத், ரெபெத்", அதாவது திரும்பச் சொல், திரும்பச் சொல், என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். நான்கைந்து வாரம் ஆனதும் அவன் பேச்சைக் குறைத்துக்கொண்டான். ஒருநாள் தமிழில் சொன்னான்: "என் பிரெஞ்சு போயிடுச்சுடா. நாக்கு புரளல. இத்தோட விட்டுடலாம்." நாக்கா, அலையா என்று அவனுக்குத் தெரிய வழியில்லை. எனக்கும் உறுதியாகத் தெரியவில்லை. ஆனால் அவன் பக்கம் ஒன்றும் மாற்ற முடியாது என்பது தெரியும். மாற்றுவதானால் என் பக்கம்தான்.

கணக்குப் பிரிவு ஆள் என்பதால் வரவு செலவு எழுதிப் பார்த்தேன். ரேடியோ உலகத்தின் நாணயம் டெசிபெல். அதன் வாய்ப்பாடு எளிது. 3 டெசிபெல் குறைந்தால் சக்தி பாதி. 6 குறைந்தால் கால். 7 குறைந்தால் ஐந்தில் ஒன்று. 10 குறைந்தால் பத்தில் ஒன்று. 25 வாட்டிலிருந்து 5 வாட் என்பது ஐந்தில் ஒரு பங்கு. ஆக, நோய் எங்களிடமிருந்து எடுத்துக்கொண்டது 7 டெசிபெல். அதை வேறு எங்கிருந்தாவது வரவு வைக்க வேண்டும்.

இன்னொரு விஷயம். நாங்கள் பேசுவது எஃப்.எம். முறையில். அதில் அலை ஒரு வரம்புக்கு மேல் இருந்தால் குரல் தெளிவாக வரும். வரம்புக்குக் கீழே போனால் படிப்படியாகக் குறையாமல் திடீரென்று இரைச்சலில் விழுந்துவிடும். வரம்பின் ஓரத்தில் நிற்பவனுக்கு இரண்டு மூன்று டெசிபெல்லே கரை.

இனி கேபிள். கோஆக்சியல் கேபிளை வாழைமரம் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் தண்டு போல ஒரு கம்பி. அதைச் சுற்றி வெள்ளைப் பிளாஸ்டிக். அதன் மேல் மெல்லிய கம்பிகளைப் பின்னிய வலை. எல்லாவற்றுக்கும் மேல் பட்டை போல ஓர் உறை. அலை உள்கம்பிக்கும் வலைக்கும் நடுவில் அடைபட்டுப் போகும்; வெளியே கசியாது, வெளி இரைச்சலும் எளிதில் உள்ளே வராது. ஆலிவர் ஹெவிசைட் என்ற ஆங்கிலேயர் 1880-லேயே இந்த அமைப்புக்குக் காப்புரிமை வாங்கினார். பல அலைவரிசைகளைத் தாங்கும் நவீன கேபிளாக அதை ஆக்கியவர்கள் அமெரிக்காவில் லாயிட் எஸ்பன்ஷீட், ஹெர்மன் அஃபெல் என்ற இருவர். அவர்கள் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது 1929-இல். நம் தலைமுறைக்கு முதலில் அறிமுகமானது இதுவல்ல. கறுப்பு வெள்ளை தூர்தர்ஷன் காலத்தில் மீன்முள் ஆண்டெனாவிலிருந்து தட்டையாக நாடா போல இறங்குமே, அது 300 ஓம் இரட்டைக் கம்பி. உருண்டைக் கேபிள் பரவலாக வீட்டுக்குள் வந்தது அதற்குப் பிறகு.

அலை எந்தக் கேபிளில் போனாலும் வழியில் கொஞ்சம் சூடாகிக் கரையும். எவ்வளவு கரையும் என்பது மூன்றைப் பொறுத்தது: கேபிளின் தடிமன், அதன் நீளம், அலைவரிசை. அலைவரிசை ஏற ஏற இழப்பும் ஏறும். இதைப் புரிந்துகொண்டால் கடைக்காரரிடம் பாதிக் காசு மிச்சம்.

என் வீட்டில் மாடி ஆண்டெனாவிலிருந்து ரேடியோ இருக்கும் அறைவரை கேபிள் சுமார் 30 மீட்டர். இருந்தது ஆர்ஜி-58 என்ற, சுண்டுவிரலைவிட மெல்லிய 50 ஓம் கேபிள். 14 மெகாஹெர்ட்ஸில் வெளிநாட்டுக்குப் பேசும்போது 30 மீட்டருக்கு அது ஒன்றரை டெசிபெல் அளவுதான் எடுத்துக்கொள்ளும். அது ஒரு பொருட்டே இல்லை. அதே 30 மீட்டர், 145 மெகாஹெர்ட்ஸில் சுமார் 6 டெசிபெல்லைத் தின்றுவிடும். ஆண்டெனாவில் விழுகிற அலையில் கால் பங்குதான் கீழே வந்து சேரும். தோழன் 25 வாட்டில் பேசியபோது அதற்கும் இடம் இருந்தது. 5 வாட்டில் இல்லை.

சரி, எதை வாங்குவது? ரிச்சி தெருவுக்குப் போய் விசாரித்தேன். ஆர்ஜி-213 என்று பெருவிரல் பருமனுக்குக் கொஞ்சம் குறைவான 50 ஓம் கேபிள். 30 மீட்டருக்கு 2.6 டெசிபெல் இழப்பு. எல்எம்ஆர்-400 என்று இன்னொரு ரகம், இழப்பு 1.5 டெசிபெல்தான். அருமையான சரக்கு. விலையைக் கேட்டுவிட்டு, அந்த மாத மருந்துச் சீட்டை நினைத்துக்கொண்டு, மின்சார ரயிலில் திரும்பி வந்துவிட்டேன்.

விடை எங்கள் தெருவிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. கேபிள் டிவி வந்த புதிதில் மரத்துக்கு மரம், மாடிக்கு மாடி கட்டிக்கொண்டு போனார்களே, அந்தத் தடித்த கறுப்புக் கேபிள் ஆர்ஜி-11. அதிலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் பிரிந்து வந்த மெல்லிய கேபிள் ஆர்ஜி-6. இரண்டும் 75 ஓம். இப்போது கண்ணாடி இழை வந்துவிட்டதால் பழையதை இறக்கிச் சுருட்டி வைத்திருக்கிறார்கள். தொலைக்காட்சி 145 மெகாஹெர்ட்ஸைவிடப் பல மடங்கு உயர்ந்த அலைவரிசைகளில் ஓடுவதால், அந்தக் கேபிள்கள் பிறக்கும்போதே இழப்பு குறைவாகச் செய்யப்பட்டவை. 145 மெகாஹெர்ட்ஸில் 30 மீட்டருக்கு ஆர்ஜி-6 எடுப்பது சுமார் 2.4 டெசிபெல், விலை உயர்ந்த ஆர்ஜி-213-ஐவிடக் கொஞ்சம் குறைவு. ஆர்ஜி-11 எடுப்பதோ 1.6. எல்எம்ஆர்-400-க்கு அடுத்த படி. எங்கள் தெரு கேபிள்காரத் தம்பியிடம் கேட்டேன். "எடைக்குப் போட வச்சிருக்கேன் சார், வேணுங்கறத எடுத்துட்டுப் போங்க" என்றார். காசு வாங்க மறுத்துவிட்டார். இரண்டு டீயும் மசால் வடையும்தான் என் செலவு.

இதைச் சொன்னதும் விஷயம் தெரிந்த நண்பர்கள் சிலர் தலையில் கை வைத்தார்கள். "ரேடியோ 50 ஓம், ஆண்டெனா 50 ஓம், நடுவில் 75 ஓமைப் போடுவாயா?" என்றார்கள். நியாயமான கேள்வி. வீட்டில் ஒரு வாரம் 50 ஓம், 75 ஓம், 112 ஓம் என்று நான் முணுமுணுத்ததைக் கேட்ட மனைவி, "என்னங்க, ஏதாவது ஜபம் ஆரம்பிச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள் என்பது தனிக் கதை.

இந்த ஓம் என்பது கேபிளின் இயல்பு எண். உள்கம்பியின் தடிமன், வலையின் விட்டம், நடுவிலுள்ள பிளாஸ்டிக் மூன்றும் சேர்ந்து அதைத் தீர்மானிக்கின்றன. ஏன் குறிப்பாக 50, 75? நடுவில் வெறும் காற்று இருக்கும் கேபிளில், இழப்பு மிகக் குறைவாக இருப்பது ஏறக்குறைய 77 ஓமில். அதிக சக்தியைத் தாங்குவது 30 ஓமில். ஒலிபரப்புகிறவர்கள் இரண்டுக்கும் நடுவில் 50-இல் வந்து உட்கார்ந்தார்கள். பார்ப்பது மட்டுமே வேலையான தொலைக்காட்சிக்காரர்கள் 75-ஐ எடுத்துக்கொண்டார்கள். இரண்டும் எதிரிகள் அல்ல, பங்காளிகள்.

எண் மாறும் இடத்தில் அலையில் ஒரு பகுதி சுவரில் மோதிய மாதிரி திரும்பும். 50-உம் 75-உம் சந்தித்தால் அந்தப் பொருத்தமின்மையின் அளவு ஒன்றுக்கு ஒன்றரை. வழக்கமான ரேடியோக்கள் இதைத் தாங்கிக்கொள்ளும். திரும்புகிற சக்தி நூற்றுக்கு நான்கு. நூற்றுக்கு எழுபத்தைந்தைக் கேபிள் தின்றுகொண்டிருந்தபோது சும்மா இருந்துவிட்டு, இந்த நான்குக்குப் பதறுவது என்ன கணக்கு?

அந்த நான்கையும் காப்பாற்ற வழி இருக்கிறது. கேபிளின் நீளம் அரை அலையின் முழு மடங்காக இருந்தால், அந்தக் கடைசியில் என்ன எண் இருக்கிறதோ அதுவே இந்தக் கடைசியிலும் தெரியும். நடுவில் 75 ஓம் கேபிள் இருப்பதே ரேடியோவுக்குத் தெரியாது. 145 மெகாஹெர்ட்ஸில் ஒரு முழு அலை 300-ஐ 145-ஆல் வகுத்தால் வருவது: 2.07 மீட்டர். ஆனால் இது காற்றில். கேபிளுக்குள் அலை நிதானமாகப் போகும். கெட்டிப் பிளாஸ்டிக் உள்ள கேபிளில் ஒளியின் வேகத்தில் நூற்றுக்கு 66. டிவி கேபிளில் இருப்பது நுரைப் பிளாஸ்டிக், அதில் 80-க்கு மேல். அந்த அளவுக்கு நீளமும் குறையும்.

சரியான எண்ணை நாமே கண்டுபிடிக்கலாம். ஒரு மீட்டர் கேபிளை வெட்டி, ஒரு முனையைச் சும்மா விட்டு, மறுமுனையை நானோ விஎன்ஏ என்ற கையடக்க அளவுகருவியில் போட வேண்டும். எந்த அலைவரிசையில் அது கால் அலையாக ஆகிறதோ, அங்கே ஓம் பூஜ்யத்தை ஒட்டிச் சரியும். காற்றிலானால் அது 75 மெகாஹெர்ட்ஸில் நடக்கும். எனக்கு 62-ஐ ஒட்டி வந்தது. 62-ஐ 75-ஆல் வகுத்தால் 0.83. பள்ளிப் பழக்கத்தில் நோட்டுப் புத்தகத்தில் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி போட்டு 0,83 என்று எழுதி வைத்தேன். பிரெஞ்சுக் கணக்கு வாத்தியார் கை எழுதிய எழுத்து, இத்தனை வருஷ அரசுக் கணக்கும் அதை அழிக்கவில்லை.

ஆக, அரை அலை என்பது 1.035 மீட்டரை 0.83-ஆல் பெருக்கினால் 86 சென்டிமீட்டர். அப்படி 34 அரை அலைகள் சேர்ந்தால் 29.2 மீட்டர். இங்கே ஓர் எச்சரிக்கை. நீளமான கேபிளில் சிறு பிழையும் 34 மடங்காகும். கணக்கை மட்டும் நம்பி வெட்டக் கூடாது. 31 மீட்டருக்கு வெட்டி, மேல்முனையில் 50 ஓம் சுமை ஒன்றை மாட்டி, கீழ்முனையில் இரண்டிரண்டு சென்டிமீட்டராக நறுக்கிக்கொண்டே வந்தேன். கருவி 50-ஐ ஒட்டிக் காட்டியதும் கத்தியைக் கீழே வைத்தேன். கேபிளால் கிடைத்த வரவு: 6-இல் 1.6 போக, 4.4 டெசிபெல். தேவை 7. இன்னும் 2.6 பாக்கி.

அதற்குத்தான் இரண்டாவது ஆண்டெனா. என்னிடம் இருந்தது ஐந்து குச்சி யாகி. பழைய டிவி மீன்முள் வகைதான். அதே மாதிரி இன்னொன்று செய்து, இரண்டையும் ஒரே திசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சேர்த்தால் நடைமுறையில் இரண்டரை டெசிபெல் கூடும். ஆனால் இரண்டு 50 ஓம் ஆண்டெனாக்களை வெறுமனே இணைத்தால் 25 ஓம் ஆகிவிடும். குழாய்க்காரர் அரை அங்குலத்தையும் முக்கால் அங்குலத்தையும் சேர்க்க ரெடியூசர் போடுவாரே, அது மாதிரி இங்கே ஒன்று வேண்டும். பங்காளியான 75 ஓம் கேபிளே அந்த ரெடியூசர்.

கால் அலை நீளமுள்ள கேபிளுக்கு ஒரு வினோத குணம். ஒரு முனையில் உள்ள எண்ணை மறுமுனையில் புரட்டிக் காட்டும். கணக்கு இதுதான்: கேபிளின் எண்ணை அதே எண்ணால் பெருக்கி, ஆண்டெனாவின் எண்ணால் வகுக்க வேண்டும். 75-ஐ 75-ஆல் பெருக்கினால் 5625. அதை 50-ஆல் வகுத்தால் 112.5. ஒவ்வொரு ஆண்டெனாவும் தன் கேபிளின் முடிவில் 112.5 ஓமாகத் தெரியும். அந்த இரண்டையும் சேர்த்தால் பாதி: 56 ஓம். 50-க்கும் 56-க்கும் உள்ள வித்தியாசம் சந்தையில் கொசுறு கொடுக்கிற அளவு. எந்தப் பெட்டியும் சுருளும் வாங்காமல், இரண்டு துண்டு டிவி கேபிளிலேயே பொருத்தம் முடிந்துவிட்டது. எழுதிப் பார்த்துவிட்டு நான் கொஞ்ச நேரம் நோட்டை மூடாமலே உட்கார்ந்திருந்தேன்.

கால் அலைத் துண்டு 43 சென்டிமீட்டர்தான் வரும். ஆண்டெனாவிலிருந்து நடுக் கம்பத்துக்கு எட்டாது. மூன்று கால் அலைக்கும் அதே குணம் உண்டு என்பதால் 129 சென்டிமீட்டரில் இரண்டு ஆர்ஜி-6 துண்டுகள் வெட்டினேன். தோழனின் ஆண்டெனா செங்குத்தானது. நம்முடையதும் செங்குத்தாகவே இருக்க வேண்டும், படுக்கையாக வைத்தால் இருப்பதும் போகும். குச்சிகள் செங்குத்தாக இருக்கும்போது பக்கத்தில் இரும்புக் குழாய் நின்றால் அலையைக் கெடுக்கும். அதனால் கம்பத்தின் மேல் குறுக்காக ஒரு மூங்கிலைக் கட்டி, அதன் இரண்டு முனைகளில், இரண்டு மீட்டர் இடைவெளியில், யாகிகளைப் பொருத்தினேன். மாடி ஏறிக் கட்டியது பக்கத்து வீட்டுப் பையன். நான் கீழிருந்து அதிகாரம் செய்தேன்.

இதைச் செய்கிறவர்கள் கவனிக்க வேண்டியவை சில. இரண்டு துண்டுகளும் மில்லிமீட்டர் சுத்தமாக ஒரே நீளம் இருக்க வேண்டும். இரண்டு ஆண்டெனாவிலும் உள்கம்பி மேல்குச்சிக்கே போக வேண்டும். ஒன்றில் மேலும் மற்றதில் கீழும் போனால் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு கூட்டல் கழித்தலாகிவிடும். மூன்று கேபிளும் சேரும் இடத்தில் கேபிள் டிவி ஸ்பிளிட்டரைப் போடக் கூடாது. அதற்குள் இருக்கும் சிறு சுருள், டிவியின் துளி அலைக்காகச் செய்தது. ஒலிபரப்பும் சக்தியைத் தாங்காது. உள்ளே எதுவும் இல்லாத வெறும் டி இணைப்பு கடையில் கிடைக்கும், அது போதும். டிவி கேபிளின் வலை பெரும்பாலும் அலுமினியம். ஈயப் பற்று பிடிக்காது. பற்றவைக்கப் போராடாமல், அதற்கான அமுக்கு இணைப்பிகளையே போடுங்கள். நுரைப் பிளாஸ்டிக் என்பதால் சுவர் முனையில் கூர்மையாக மடக்காதீர்கள். சித்திரை வெயிலில் அது இளகி, உள்கம்பி ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். கறுப்பு உறை வெயிலைத் தாங்கும். வெள்ளை உறை சீக்கிரம் வெடிக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலான பகை மழைநீர். ஐப்பசி, கார்த்திகையில் ஓர் இணைப்புக்குள் ஒரு துளி இறங்கினால் வலை முழுக்க அதை உறிஞ்சிக்கொண்டே போகும். வெளியே பார்க்க ஒன்றும் தெரியாது. இழப்பு மட்டும் மாதாமாதம் ஏறும். இணைப்புகளின் மேல் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் நாடாவை இழுத்துச் சுற்றுங்கள். கேபிள் ஜன்னலுக்குள் நுழையும் முன் ஒரு சாண் கீழே தொங்கி மேலேறட்டும். வழிந்து வரும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

செலவு போக வரவைக் கூட்டினேன். கேபிளில் 4.4, இரண்டாவது ஆண்டெனாவில் 2.5. மொத்தம் 6.9. ஒரு துளி குறைய 7. தாளில் கணக்கு நேராகிவிட்டது. தாளில் நேரான எத்தனையோ கணக்குகளை அலுவலகத்தில் பார்த்தவன் என்பதால் வியாழக்கிழமைக்குக் காத்திருந்தேன்.

ஏழு மணிக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போதே அவன் அழைப்புக்குறி வந்தது. இரைச்சல் இல்லை. முதலில் கேட்டது அவன் அறை மின்விசிறியின் கிறீச்சு. பிறகு ஒரு காகம். அதன் பிறகு அவன் குரல். நிதானம்தான்; ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும் வாய் சில எழுத்துகளைத் தேய்க்கவும் செய்தது. ஆனால் ஒவ்வொரு வார்த்தையும் வார்த்தையாக வந்தது. நான் எதையும் சொல்லவில்லை, கேட்டுக்கொண்டிருந்தேன். மகன் தன்னைப் புதிய மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும் என்று விரும்புவதாகச் சொன்னான். பிரெஞ்சில் அந்த வாக்கியத்துக்கு 'சப்ஜோங்க்தீஃப்' என்ற வினை வடிவம் வர வேண்டும். பள்ளியில் எங்கள் எல்லாரையும் பெஞ்சு மேல் நிற்க வைத்தது அந்த வடிவம்தான். அவன் அதைத் தவறில்லாமல் சொல்லிவிட்டுப் பொத்தானை விட்டான்.

"ஒரு தடவைகூடத் திரும்பச் சொல்லச் சொல்லலையே?" என்று அடுத்த முறை அவனே தமிழில் கேட்டான்.

"உன் பிரெஞ்சுக்கு ஒண்ணும் ஆகல. சப்ஜோங்க்தீஃப் வரைக்கும் பத்திரமா இருக்கு. கேபிள்தான் மாத்தினேன்" என்றேன்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. பொத்தான் அவன் கையில். அவன் பேசும்வரை நான் காத்திருக்க வேண்டியதுதான். பிறகு வகுப்பில் ஒப்பிப்பது போல அந்த வினையின் ஆறு வடிவங்களையும் வரிசையாகச் சொல்லி முடித்தான்.

இப்போதும் வாராவாரம் நடக்கிறது. சில வாரம் பத்து நிமிஷம், சில வாரம் மூன்று நிமிஷத்தில் களைத்துவிடுகிறான். அவன் களைத்தால் அது களைப்பு என்று எனக்குத் தெரிகிறது, அவனுக்கும் தெரிகிறது. அலையின் மேல் பழி போடவோ நாக்கின் மேல் பழி போடவோ இனி இடமில்லை.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய கேபிள் டிவிச் சுருள் கிடந்தால், எடைக்குப் போடும் முன் உறையின் மேல் அச்சிட்டிருப்பதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்துப் பாருங்கள். ஆர்ஜி-11 என்று இருந்தால் அக்கம்பக்கத்தில் ஹாம் ரேடியோ வைத்திருப்பவர் யாரென்று விசாரியுங்கள். அவருக்கும் எங்காவது ஒரு வியாழக்கிழமை ஆள் இருக்கலாம்.